பதினோராம் அத்தியாயத்தில் என் வீட்டுக்காரர்

1

போன ஆவணியோடு நான் மைசூருக்கு வந்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. கல்யாணமான கையோடு, அந்தியூரில் பஸ் ஏறி, பர்கூர் மலை தாண்டி, ஹனூர், கொள்ளேகால் வழியாக ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு. இன்றைக்கும் இங்கே யாராவது ஊர் எது என்று கேட்டால் அந்தியூர் என்றுதான் வாயில் வருகிறது. அந்தியூருக்குப் போனால் "மைசூர்க்காரம்மா வந்திருக்குது" என்கிறார்கள்.

வெளியூரில் குடியிருப்பவர்கள் எழுதுகிற பக்கத்தை உங்கள் பத்திரிகையில் விடாமல் படிக்கிறேன். துபாய் வெயிலை எழுதுகிறார்கள், கனடா பனியை எழுதுகிறார்கள். மைசூரும் ஒரு வெளிநாடா என்று நீங்கள் சிரிக்கலாம். ரேஷன் கார்டில் இருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. நான் எழுதுகிற எழுத்து என் மகளுக்குத் தெரியாது. இதற்கு மேல் வெளிநாடு என்ன வேண்டும்?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்கு யாராவது வந்தால் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொள்கிறவள். அப்படிப்பட்டவள் பேனா எடுத்ததற்குக் காரணம் பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க முடியுமா என்று யோசித்தேன். எதுவும் பொருந்தவில்லை.

பொறாமை சரோஜாக்கா மேல். அவர் ஹனூர்த் தமிழர், என்னைவிட நாலு வயது மூத்தவர். நாங்கள் முதலில் குடியிருந்த வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்து வீடு. புருஷனை விட்டு வந்தவர். வாசலில் பலகையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வருஷக்கணக்கில் ஊதுபத்தி உருட்டினோம். பிறகு அவர் பரீட்சை எழுதி அரசாங்க ஆபீசில் வேலைக்குப் போய்விட்டார். விஜயநகரில் சொந்தமாக வீடு கட்டினார். நானும் இப்போது மகள் வீட்டோடு விஜயநகரில்தான், இரண்டு தெரு தள்ளி.

சரோஜாக்கா தன் வாழ்க்கையையே நாவலாக எழுதி, போன வருஷம் அது தமிழ்நாட்டில் புத்தகமாக வந்தது. தன்னோடு இருந்த ஆண்களைப் பற்றி, படுக்கையைப் பற்றி, உடம்பைப் பற்றி, எதையும் மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். பழுப்புத்தாளில் அட்டை போட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். படிக்கவில்லை.

மார்கழியில் அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசகர்களின் கடிதங்கள் கட்டுக் கட்டாக வர ஆரம்பித்தன. போனில் வருவதையும் பதிப்பாளர் தாளில் அச்செடுத்து அனுப்பினார். "தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கத்துல நீ ஒருத்திதான் புள்ள. வந்து படிச்சுக் காட்டு" என்றார்.

எனக்கு இந்த வாழ்நாளில் வந்த கடிதங்களைச் சொல்கிறேன். என் அண்ணன் எழுதியது ஏழெட்டு. கல்யாணப் பத்திரிகைகள். கேஸ் கம்பெனியில் இருந்து ஒன்று, அதுவும் கன்னடத்தில். முதல் நாள் அந்தக் கட்டைப் பிரித்ததும் எத்தனை உறைகள் என்று எண்ணிப் பார்த்தேன்.

2

"இது ஒரு ஹெட்மாஸ்டருங்க்கா. ரிட்டயர்டு."

"என்ன சொல்றாரு?"

"திட்டியிருக்குதுங்க."

"என்னன்னு?"

"திட்டித்தான்."

"ஏம்புள்ள, எனக்கு வந்த திட்டை நீ முழுங்குனா எப்படி? முழுசாப் படி."

படித்தேன். ஒரு வார்த்தை வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன்.

"சத்தமா. ஆபரேஷன் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்ல."

அந்த வார்த்தையைச் சத்தமாகப் படித்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை. கீழே காய்கறி வண்டிக்காரர் கூவுவதை நிறுத்தியது போல இருந்தது. அடுத்த பதிப்பில் எந்தெந்தப் பக்கங்களை நீக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் கடைசியில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். சரோஜாக்கா கறுப்புக் கண்ணாடியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பக்க நம்பரோட குறிச்சு வெச்சிருக்காரு பாரு. எத்தன தடவ பொரட்டுனாரோ."

இன்னொருவர், உங்களைப் போன்றவர்களால்தான் குடும்பங்கள் கெடுகின்றன என்று எழுதிவிட்டு, கீழே தன் போன் நம்பரைப் போட்டு, பேசலாமா என்று கேட்டிருந்தார். ஒரு பெண்மணி புத்தகத்தைக் கோதுமை டப்பாவுக்குள் ஒளித்து வைத்துப் படித்தாராம். சப்பாத்தி மாவில் ஒரு பக்கம் கிழிந்து போனதாம், அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். நான் சிரித்தேன்தான். ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் மடித்து உறையில் போடும்போது, முன்பின் தெரியாத இத்தனை பேர் இவர் ஒருத்தருக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களே என்று தோன்றாமல் இல்லை.

மூன்றாம் நாள் ஈரோட்டில் இருந்து ஒரு நர்ஸ் எழுதியது வந்தது. இப்படி இருந்தது:

"பதினோராம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு டியூட்டிக்கு லேட்டாகப் போனேன். அந்த லாட்ஜில் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது செருப்புக்குள் வைக்கிறாரே, அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு 'உனக்கு எப்படி வேணும், நீ சொல்லு' என்று கேட்கிறார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை."

நான் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"கண்ணாடி தொடைக்கறேனுங்க."

கடிகாரத்தைக் கழற்றி இடது செருப்புக்குள் வைக்கிற மனிதர் உலகத்தில் ஒருத்தர்தான், என் வீட்டுக்காரர். போகும்போது மறக்காமல் இருக்க அப்படிச் செய்வார். மில் வேலையில் பழகிய பழக்கம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்தபோதும் அப்படித்தான் வைத்திருந்தார். அந்தச் செருப்பையும் அதற்குள் இருந்த கடிகாரத்தையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தது என் மகள் கீதா.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே அறை. அவருடைய அம்மாவான என் அத்தை, இரண்டு பிள்ளைகள், நாங்கள். வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஒரு பிள்ளை புரண்டால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பது. கல்யாணமாகி நாலு வருஷமும் அதுதான் எங்கள் தாம்பத்யம். இரண்டு பிள்ளைகள் பிறந்தும் அவரை நான் வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில் ரேஷன் கார்டு வந்தது. அதில் அத்தையின் வயதை எனக்கும் என் வயதை அத்தைக்கும் மாற்றி எழுதிவிட்டார்கள். எனக்கு அறுபத்திரண்டு, அத்தைக்கு இருபத்தாறு. கன்னடத்தில் இருந்ததால் எதிர் வீட்டார் படித்துச் சொல்லும் வரை எங்களுக்குத் தெரியாது. அதைத் திருத்தப் புருஷனும் பெண்டாட்டியும் நேரில் வர வேண்டும் என்று ஆபீசில் சொல்லியிருப்பதாக அத்தையிடம் இவர் சொன்னார். மில்லில் லீவு போட்டார். காலையில் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டு வந்ததும் "ஆபீசு வேண்டாம் பொன்னு" என்றார். ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸில் ஏறினோம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

லாட்ஜில் இருந்த ஆள் எங்களை மேலும் கீழும் பார்த்து, புருஷன் பெண்டாட்டி என்பதற்கு அத்தாட்சி கேட்டார். கையில் இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார்.

"இவங்களுக்கு அறுபத்திரண்டா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"வயசாயிட்டா பொண்டாட்டி இல்லைன்னு ஆயிடுமா சார்?" என்று இவர் தனக்குத் தெரிந்த உடைந்த கன்னடத்தில் சொன்னார். அந்த ஆளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. சாவியை நீட்டினார்.

அறைக்குள் ஒரே வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கடிகாரம் செருப்புக்குள் போனது. அவர் கேட்டதை அந்த நர்ஸ் எழுதிவிட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சரோஜாக்கா எழுதிவிட்டார், அதனால் நான் எழுதவில்லை. வாயைப் பொத்தாமல் இருந்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கார்டைத் திருத்த ஐந்து தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் நாங்கள் வெறும் கையோடு திரும்புவதைப் பார்த்து அத்தை கவர்மெண்டை வயிறெரிந்து சபிப்பார். பாவம், நாங்கள் அந்த ஆபீஸ் வாசலை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. புதுக் கார்டு வரும் வரை எனக்கு வயது அறுபத்திரண்டாகவே இருந்தது.

இதை நான் ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னேன். ஊதுபத்தி உருட்டிக்கொண்டு, கை முழுக்கக் கறுப்பு மாவோடு, சிரிப்பை அடக்க முடியாமல் சரோஜாக்காவிடம் சொன்னேன். அவர் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிகிறது.

4

அன்று வீட்டுக்கு வந்து புடவைகளுக்கு அடியில் இருந்து புத்தகத்தை எடுத்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். இருந்தும் குளியலறையில் போய் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பதினோராம் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன்.

லாட்ஜ் இருந்தது. கார்டு இருந்தது. விக்கல்கூட இருந்தது. நான்தான் இல்லை. கட்டிலில் சரோஜாக்கா இருந்தார். என் வீட்டுக்காரர் அவருடைய கள்ளக் காதலர். கார்டில் இருப்பது அந்த ஆளின் மனைவியின் பெயர், அதைக் காட்டித்தான் இவர்கள் அறை எடுக்கிறார்கள். அந்த மனைவிக்கு ஒரே ஒரு வரி: "வீட்டில் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். ஊதுபத்தி உருட்டுவாள். அவளுக்கு எதுவும் தெரியாது."

காகிதம்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய கை சரோஜாக்காவின் தோளில் இருந்ததைப் படித்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என்னிடம் கேட்ட கேள்வியைச் சரோஜாக்காவிடம் கேட்கிறார், நான் சொன்ன பதிலைச் சரோஜாக்கா சொல்கிறார், எனக்குக் கிடைத்த மத்தியானத்துக்கு அவருக்குக் கடிதம் வருகிறது. மூன்றாம் நாள் இன்னும் கேவலமான ஒரு காரியம் செய்தேன். சுவரில் இருந்த போட்டோவுக்கு முன்னால் நின்று, "நெசமாலுமே போனீங்களா?" என்று கேட்டேன். செத்து ஆறு வருஷமான மனிதரை. அவருக்குப் பகல் ஷிப்ட் எந்தெந்த வாரம், சரோஜாக்கா ஆபீசுக்கு லீவு போட்டது எப்போது என்று மனது கணக்குப் போட்டது. சரோஜாக்காவிடம் போவதை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரத்தில்தான் கீதா ஆபீசில் இருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அம்மா, சரோஜாத்தையோட காதம்பரி கன்னடத்துல வருதாம்! உகாதிக்குள்ள வந்துடுமாம். மொதல் காபி நான்தான் ஓதறேன்னு சொல்லிட்டேன்."

காதம்பரி என்றால் கன்னடத்தில் நாவல். ஓதுவது என்றால் படிப்பது. நாற்பத்தாறு வயது மகள், தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து படிக்க மாட்டாள். தமிழ்ப் புத்தகமாக இருக்கும் வரை இந்த வீட்டில் எனக்குப் பயமில்லை. கன்னடத்தில் வந்தால், பதினோராம் அத்தியாயத்தில் அந்தக் கடிகாரம் செருப்புக்குள் போகிற இடத்தில் அவள் தன் அப்பாவைக் கண்டுகொள்வாள். வேறொருத்தியோடு கண்டுகொள்வாள். எனக்கு எதுவும் தெரியாது என்றும் படிப்பாள்.

5

பேரனின் ரூல் போட்ட நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, நாலு நாள் எழுதினேன். முழங்கால் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சரோஜாக்கா வீட்டுக்குப் போனேன். கடிதக் கட்டுக்குள் மூன்றாவதாக என் தாளையும் சொருகினேன். நேராகப் பேச எனக்கு வாய் வராது. வேறொருத்தருடைய கடிதத்தைப் படிப்பது போல என்றால் வரும்.

"இது யாரோ ஒரு வாசகிங்க" என்று சொல்லிவிட்டுப் படித்தேன்.

"மதிப்புக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு. உங்கள் நாவலில் பதினோராம் அத்தியாயம் படித்தேன். அந்த லாட்ஜ் எனக்குத் தெரியும். அந்தக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே செங்கல் வைத்திருப்பார்கள். ஆடும்போது செங்கல் உராயும் சத்தம் கேட்கும். நீங்கள் அதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது, நான் சொல்ல மறந்துவிட்டேன். அந்த மனிதர் கள்ளப் புருஷன் இல்லை. என் புருஷன். அவரை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்."

தாளை மடித்து உறையில் போடப் பார்த்தேன், உறை இல்லை. 

"செங்கல்லா?" என்றார் சரோஜாக்கா.

"ஆமாங்க்கா. செங்கல்லு."

"நீ சொல்லவே இல்லியே."

"ஒண்ணு கேக்கோணும். நெசமாவே எங்கூட்டுக்காரரோட போனீங்களா?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தது.

"ஏம்புள்ள, உன்ற புருஷன் என்னை நிமிந்துகூடப் பாத்ததில்ல. இந்தப் பொஸ்தகத்துல ஆறு ஆம்பளைங்க இருக்கறாங்க. அஞ்சு பேரு என்னோடவங்க. அந்த அஞ்சுல ஒருத்தன் கேட்டதில்ல, உனக்கு என்ன வேணும்னு. அதையே எழுதிட்டுப் போனா படிக்கறவங்க பொஸ்தகத்தத் தூக்கி எறிஞ்சிருவாங்க. ஒரு நல்ல மத்தியானம் வேணும்னு தோணுச்சு. எனக்குத் தெரிஞ்ச நல்ல மத்தியானம் உன்னுது ஒண்ணுதான்."

"புருஷன்னே எழுதியிருக்கலாமில்லீங்க?"

"புருஷன்னு எழுதுனா எவ நம்புவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபத்தை விட மனதில்லை.

"சரி, அது போகட்டும். எனக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதியிருக்கறீங்க. எனக்கா தெரியாது? சொன்னதே நானு."

சரோஜாக்கா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அது பொறாமைல எழுதுனது" என்றார். "நீ அன்னிக்கு அந்தக் கறுத்த கையோட சிரிச்சே பாரு. அந்தச் சிரிப்பு எனக்கு நாப்பது வருஷமாத் தொண்டைல நிக்குது."

 பிறகு அவரே, "கன்னடத்துல அந்த அத்தியாயத்தையே எடுத்துடச் சொல்றேன். இப்பவே போன் போடறேன். போதுமா?" என்றார்.

போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். ஆனால் எடுத்துவிட்டால் அப்படி ஒரு மனிதர் இருந்தது கன்னடத்தில் ஒருத்தருக்கும் தெரியாமல் போய்விடும். அந்த ஈரோட்டு நர்ஸ் மாதிரி இங்கேயும் எத்தனை பேர் இருப்பார்களோ.

"வேண்டாங்க்கா. இருக்கட்டும். அந்தப் பொண்டாட்டிக்கு எதுவும் தெரியாதுங்கற வரிய மட்டும் எடுத்துடுங்க."

"கீதா?"

"நாஞ்சொல்லிக்கறேன்."

6

அவரைக்காய்க் காலம். ஊறவைத்த அவரை விதையைப் பிதுக்கித் தோல் எடுத்துக்கொண்டு நானும் கீதாவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்திருந்தோம். அந்த வேலையில் தலையைக் குனிந்தே இருக்கலாம். ஒரு பாத்திரம் நிறையும் வரை தைரியம் வரவில்லை. இரண்டாவது பாத்திரத்தில் சொல்லிவிட்டேன்.

"நம்ம அப்பாவா?"

"அப்பாதான்."

"உங்ககூடயா?"

"பின்ன யாரோட?"

"ரேஷன் ஆபீசுக்குப் போறேன்னு போயிட்டு எங்களுக்குப் பொரி வாங்கிட்டு வருவீங்களாமே, அப்பத்தா சொல்லுமே!"

"அது ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் ஸ்டாண்டுல வாங்குனது."

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கத்திவிட்டு, அவரைத் தோல் ஒட்டிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகன் உள்ளே இருந்து என்ன என்று கேட்டார். "ஏனூ இல்லா, ஏனூ இல்லா" என்று, ஒன்றுமில்லை என்று சமாளித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது.

"புஸ்தகத்துல சரோஜாத்தைன்னு இருக்கும். நீ நான்னு வெச்சுப் படிச்சுக்கோ."

"சரிம்மா."

கொஞ்ச நேரம் பிதுக்கினாள். பிறகு மருமகனுக்குக் கேட்காத குரலில், "அப்பா அப்படிக் கேட்டாரா? உனக்கு எப்படி வேணும்னு?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. ஒருத்தர் என் மேல் பொறாமைப்படுவதை நேராகக் கண்ணால் இந்த வயதில் முதல் தடவையாகப் பார்த்தேன். அது என் மகளாக இருந்தது எனக்கு நன்றாக இல்லை.

7

சரோஜாக்காவுக்குக் கண் சரியாகிவிட்டது. இருந்தாலும் கடிதங்களை நான்தான் படிக்கிறேன். என் குரலில் கேட்டுப் பழகிவிட்டதாம். பதினோராம் அத்தியாயத்தைப் பற்றி வருகிற கடிதங்களை இப்போது தனியாக எடுத்து என்னிடம் கொடுத்துவிடுகிறார். "இதெல்லாம் உனக்கு வந்தது" என்கிறார். புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இருபதுக்கு மேல் இருக்கும். இந்தக் குறிப்பை உங்களுக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுது, உன் பேர்லயே எழுது" என்றார்.

போன வாரம் கோயம்புத்தூரில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். கம்ப்யூட்டர் வேலையாம், கல்யாணம் ஆகவில்லையாம். அந்த லாட்ஜ் மனிதர் உண்மையாகவே இருந்தாரா, இப்போது எங்கே இருக்கிறார், ஒரு தடவை பார்த்துப் பேச முடியுமா என்று கேட்டிருந்தாள். அவருக்கு என்ன வயதானாலும் பரவாயில்லை, எனக்கு அவர் மேல் காதலே வந்துவிட்டது என்று கடைசியில் இருந்தது. படித்து முடித்தபோது என் காது சுட்டது.

"இதுக்கு நீயே பதில் எழுது" என்றார் சரோஜாக்கா.

நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அவளுக்கு எழுதுவதற்கு எவ்வளவோ இருந்தது. அவர் சாப்பிடும் விதம், மழை வந்தால் பாடுகிற ஒரே பாட்டு, என் கால் வீங்கியிருந்தபோது தேய்த்துவிட்டது. பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதையும் கொடுக்க மனம் வரவில்லை. மூன்று வரி எழுதி மடித்தேன்.

"என்ன எழுதுனே?"

"உண்மையான ஆளுதான். கல்யாணமானவரு. பொண்டாட்டி உசுரோட இருக்கறான்னு."

"அவரு செத்துட்டாருன்னு எழுதுனியா?"

"இல்லீங்க்கா" என்றேன், உறையை ஒட்டிக்கொண்டே. "அது அவளுக்கு எதுக்கு?"